ட்ரோன் மேலே, மைக் வரப்பில்

குறுவை நடவு தொடங்கும் நாளில், முதல் நாற்று முடியைப் பிரித்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் குலவை போடுவார்கள். பத்துப் பதினைந்து பேர் வயலில் வரிசையாக நின்று ஒரே மூச்சில் போடுகிற குலவை அது. கும்பகோணத்திலிருந்து வண்டியில் 20 நிமிடம் போனால் வரும் அரசலாற்றுப் பாசனக் கிராமம் ஒன்றில், நான்கு வருடத்துக்கு முன் அதை ட்ரோனில் எடுத்தேன். தண்ணீர் நின்ற வயலில் வானம் தெரிகிறது, நடுவே கலர் கலராகப் புடவைகள். படம் அருமையாக வந்திருந்தது. சத்தம்தான் இல்லை. ட்ரோனில் மைக் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கீழே ஒரு ரெக்கார்டரை வைக்க வேண்டும் என்று அன்று தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு வயல்வெளிச் சத்தத்தைப் போட்டு முடித்துவிட்டேன்.

ஊரில் திரை கட்டிக் காட்டியபோது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "இது என்ன பறவை தம்பி? நம்ம ஊர்ல இது கிடையாதே" என்று கேட்டார். பின்னாலிருந்து ஒரு அக்கா, "எங்க குலவையைக் காணோம்" என்றார். அந்த வருடம் நடவுப் பாட்டு எடுத்துக் கொடுத்த பாட்டி அடுத்த வருடம் வயலில் இறங்கவில்லை, முழங்கால் விடவில்லை. இப்போது அந்த ஊரில் பாதி நிலத்துக்கு மேல் இயந்திர நடவு. மேலிருந்து எடுத்த அந்தப் படத்தை எந்த வருடம் வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். அந்தப் பாட்டியின் குரலுக்கு நான் எங்கே போவேன்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு நடவுக்கும் ரெக்கார்டரோடுதான் போகிறேன். கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். வயலை வைத்துச் சொன்னாலும் தேர், திருமணம், படகு, செங்கல் சூளை என்று எதற்கும் இது பொருந்தும்.

இறக்கைச் சத்தத்தை ஏன் நீக்க முடியாது

"ட்ரோன் மேலேயே ஒரு சின்ன மைக்கைக் கட்டிவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் இறக்கைச் சத்தத்தை எடுத்துவிடலாமே" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு இறக்கை நிமிடத்துக்கு 9000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 150 சுற்று. ஒவ்வொன்றிலும் இரண்டு இதழ் இருப்பதால் நொடிக்கு 300 முறை காற்றை வெட்டுகிறது. அதாவது 300 ஹெர்ட்ஸ். அதோடு நிற்காமல் 600, 900, 1200 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து வரும். பழைய லேண்ட்லைன் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. பேச்சு புரிவதற்கு அந்த அளவே போதும். இறக்கைச் சத்தம் சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டினால் குரலும் சேர்ந்து வெட்டுப்படும்.

ஃபேன் சத்தம் போல ஒரே சீராக இருந்தாலாவது மென்பொருள் பிடித்துக்கொள்ளும். ட்ரோனில் நான்கு மோட்டார். ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் நான்கும் வெவ்வேறு வேகத்தில் ஏறி இறங்கும், சுருதி ஓரிடத்தில் நிற்காது. போதாக்குறைக்கு, இறக்கை கீழே தள்ளுகிற காற்று நேராக மைக் மேல் அடிக்கும்.

டிஜேஐ நியோ மாதிரி சின்ன ட்ரோன்களில் ஒரு வசதி இருக்கிறது. ஃபோன் மைக்கோ, ஃபோனோடு இணைத்த டிஜேஐ மைக் 2-வோ எடுக்கும் சத்தத்திலிருந்து இறக்கை ஒலியைக் குறைத்து, செயலியே படத்தோடு சேர்த்துக் கொடுக்கும். ஒருவர் நடந்துகொண்டே கேமராவைப் பார்த்துப் பேசுவதற்கு அது நன்றாகவே உதவும். அங்கேயும் மைக் தரையில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ட்ரோன் மேலே இருக்கட்டும், மைக் கீழே இருக்கட்டும். இனி வருவதெல்லாம் கீழே எங்கே, எப்போது வைப்பது என்பதைப் பற்றித்தான்.

முந்தின நாள் காதால் ஒரு சுற்று

வெளிச்சம் பார்க்க முந்தின நாள் போவோம் அல்லவா, அதே நேரத்தில் காதுக்கும் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். வரப்பில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றால் போதும், கண்ணுக்குத் தெரியாத தொல்லையெல்லாம் கேட்க ஆரம்பிக்கும். பம்ப்செட் எங்கே ஓடுகிறது, பஸ் எத்தனை மணிக்குப் போகிறது, செங்கல் லாரி எந்தப் பக்கம் திரும்புகிறது.

ஊர்க்காரர்களிடம் இரண்டு கேள்வி கட்டாயம் கேட்பேன். "த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்ப வரும்?" அது தெரிந்தால் மோட்டார் ஓடுகிற நேரம் தெரிந்துவிடும். "நாளைக்குக் கோயில்ல மைக் செட் உண்டா?" ஆடி மாதம் என்றால் இது இன்னும் முக்கியம். விடிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். மேலே போக வேண்டிய ஒலி வளைந்து திரும்பத் தரைக்கே வரும். மூன்று ஊர் தள்ளிக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் பக்கத்து வரப்பில் பாடுவது போலக் கேட்பது அதனால்தான். வெயில் ஏற ஏற அது மங்கிவிடும். ஆகவே அதிகாலைப் பொன் வெளிச்சத்தில் படத்தை எடுத்துக்கொண்டு, 8 மணிக்கு மேல் ஒலி எடுப்பது சில நாள் நல்லது. வேறு சில நாள் நேர் எதிராக இருக்கும். போய்க் கேட்டால்தான் தெரியும்.

பறக்கும் அனுமதி பற்றி நீட்ட மாட்டேன். 2021 ட்ரோன் விதிகளின் வரைபடத்தில் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பகுதியா) என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்; பச்சையில் 400 அடி வரை. தஞ்சாவூரை ஒட்டி எடுப்பவர்கள் அங்கே விமானப்படைத் தளம் இருப்பதை மறக்க வேண்டாம். போர் விமானம் ஒன்று மேலே போனால் ஒலியில் அந்த ஒரு நிமிடமும் போயிற்று.

இடத்தின் சத்தம்

ஆம்பியன்ஸ் என்று சவுண்டு ஆட்கள் சொல்வது இதைத்தான். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுவே, செலவே இல்லாததும் இதுவே. ட்ரோன் இறங்கி மோட்டார் நின்ற பிறகு இன்னும் ஒரு முறை வேலை செய்ய வேண்டும். படத்துக்கு ஒரு முறை, ஒலிக்கு ஒரு முறை.

பேட்டரி மாற்றும் நேரத்தை நான் இதற்கு வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறை ட்ரோனை இறக்கும்போதும் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு, படத்தில் வந்த இடத்துக்கே போய், குறைந்தது ஐந்து நிமிடம் அசையாமல் எடுக்கிறேன். ஒரு நிமிடம் போதாதா என்று கேட்கலாம். நடுவில் ஒருவர் இருமுவார், ஒரு பைக் போகும். அதையெல்லாம் கழித்துவிட்டுத் தொடர்ச்சியாக இரண்டு நிமிடமாவது கையில் மிஞ்ச வேண்டும். ஒரே 20 நொடியைத் திரும்பத் திரும்ப ஒட்டினால், அதே காக்கை அதே இடத்தில் கத்துவதைப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

ஆரம்பிக்கும்போது ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, ரெக்கார்டரிடம் பேசுங்கள்: தேதி, நேரம், இடம், எந்த ஷாட்டுக்கு. "ஜூலை 3, காலை 7.40, மேற்கு மடை, தண்ணீர் பாய்கிறது, உயர ஷாட் இரண்டுக்கு." ஆறு மாதம் கழித்து ஃபைல் பெயரைப் பார்த்து எதுவும் நினைவுக்கு வராது. இந்த ஒரு வரிதான் காப்பாற்றும்.

பிறகு ட்ரோன் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் தனித்தனியாக. ஒரே வயலில் மடை வாயில் ஒரு சத்தம், நடு வரப்பில் ஒரு சத்தம், தென்னந்தோப்பு ஓரத்தில் ஒரு சத்தம். மடையில் தண்ணீர் குதிக்கிற இடத்தில் மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்தால் சலசலப்பு. ஒட்டி வைத்தால் வெறும் இரைச்சல், அது தண்ணீர் என்றே தோன்றாது. ஆக்காட்டிப் பறவை கத்தினால் அது நம்மைப் பார்த்துத்தான் கத்துகிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் அடங்கும், அதற்குப் பிறகு வருவதுதான் அந்த வயலின் இயல்பான சத்தம். நாற்றங்காலில் நாற்றைப் பறித்து, காலில் அடித்து மண்ணை உதறி முடி கட்டுவார்கள். அந்தச் "சளப் சளப்" இல்லாமல் நடவுப் படம் எடுக்கவே கூடாது என்பேன். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே நாளில் எடுப்பது முக்கியம். தண்ணீர் விட்ட வயலில் தவளை கத்தும், வற்றிய வயலில் கத்தாது. நடவு முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனால் அது வேறு வயல்.

காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்ற ஊரில் மைக்கை மட்டும் சும்மா விடுமா? ரெக்கார்டரோடு வரும் பஞ்சு உறை வெளியில் போதாது. செயற்கை முடி வைத்த உறை ஒன்றை வாங்குங்கள். அதைக் களத்தில் டெட் கேட் என்பார்கள். அதை மாட்டிய பிறகும், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், வரப்பின் மறைவிலோ வைக்கோல் போரின் மறைவிலோ வையுங்கள். தரையை ஒட்டிக் காற்றின் வேகம் குறைவு. ரெக்கார்டரில் 80 ஹெர்ட்ஸ் லோ கட் (அதற்குக் கீழான அடிச் சத்தத்தைக் குறைக்கும் வசதி) இருந்தால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் காற்று மைக்கின் உள்ளே அடித்து ஒலி உடைந்துவிட்டால் எந்த லோ கட்டும் அதைச் சரிசெய்யாது.

குலவை எனக்குக் கற்றுக் கொடுத்தது

இரண்டாம் வருடம் ரெக்கார்டரோடு போனேன். பாட்டுக்கு ஏற்ற மாதிரி அளவை வைத்து, ஹெட்போனில் கேட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். பிறகு குலவை போட்டார்கள். பேச்சை விடப் பல மடங்கு உரக்க, அதுவும் பதினைந்து பேர் சேர்ந்து. ரெக்கார்டரில் ஒலி அளவு காட்டும் முள் மேலே முட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. வீட்டில் கேட்டால் தகரத்தைக் கிழிப்பது போல இருந்தது. அப்படி உடைந்த ஒலியைச் சரியாக மீட்கவே முடியாது.

அதிலிருந்து என் பழக்கம் இது: நடக்கப் போவதில் மிக உரத்த சத்தம் எதுவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை ஒரு முறை செய்து காட்டச் சொல்லி, அப்போது முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைப்பேன். தேருக்கு வேட்டு, கல்யாணத்துக்குக் கெட்டிமேளம், நடவுக்குக் குலவை. ரெக்கார்டரே அளவை மாற்றிக்கொள்ளும் ஆட்டோ லெவல் வேண்டவே வேண்டாம். குலவை வந்ததும் சட்டென்று அமுக்கி, முடிந்ததும் பின்னணி இரைச்சலை மெல்லத் தூக்கிவிடும். அந்த ஏற்ற இறக்கம் காதில் உறுத்தும். ரெக்கார்டரில் நான் வைக்கும் அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபைல். எம்பி3 வேண்டாம்.

இப்போது ஸூம் எஃப்3, ஸூம் ஹெச்1 எசென்ஷியல் போன்ற ரெக்கார்டர்கள் 32 பிட் ஃப்ளோட்டில் பதிகின்றன. அவற்றில் அளவு தவறினாலும் பிறகு எடிட்டில் இறக்கிக்கொள்ளலாம். தனி ஆளாக ட்ரோனையும் ஓட்டிக்கொண்டு ஒலியையும் பார்ப்பவருக்கு இது உண்மையிலேயே பெரிய ஆறுதல். கையில் கொஞ்சம் பணம் இருந்து, புது லென்ஸா, இப்படி ஒரு ரெக்கார்டரா என்று யோசிப்பவர்களிடம் ரெக்கார்டரை வாங்கச் சொல்கிறேன்.

பாடும்போதே பறக்க வேண்டி வந்தால்

சில நேரம் தள்ளிப்போட முடியாது. பாட்டும் பறப்பும் ஒன்றாக நடந்தாக வேண்டும். அப்போது இரண்டு தூரம்தான் கணக்கு: வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம், ட்ரோனுக்கும் மைக்குக்கும் உள்ள தூரம்.

வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். 6 மீட்டரில் இருக்கும் ட்ரோனை 48 மீட்டருக்குத் தள்ளினால் மூன்று முறை இரட்டிப்பு. 18 டெசிபல் குறைந்துவிட்டது. வாயிலிருந்து ஒரு மீட்டரில் இருந்த மைக்கைக் கால் மீட்டருக்குக் கொண்டு வந்தால் பாட்டு 12 டெசிபல் கூடும். இரண்டும் சேர்ந்து 30. எந்த மென்பொருளும் குரலைக் கெடுக்காமல் இவ்வளவு தராது. 30 மீட்டர் உயரம், 40 மீட்டர் பக்கவாட்டில் என்று நின்றால் நேர்த்தூரம் 50 மீட்டர். நான் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறேன். டிஜேஐ ஏர் 3-இல் இருப்பது போல 70 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள ட்ரோன் என்றால் இன்னும் தள்ளி நின்றே நெருக்கமாக எடுக்கலாம். காற்று நம் பக்கமிருந்து ட்ரோன் பக்கம் வீசும்படி நிறுத்தினால் அதுவும் கொஞ்சம் உதவும். எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்து போகும்.

தலைக்கு நேர் மேலே நிற்கும் டாப் ஷாட்டில் மட்டும் பாட்டை எடுக்க முயலாதீர்கள். அதைத் தனியாக எடுத்து, ஒலியை இன்னொரு தடவை பாடியதிலிருந்து போடுங்கள். அந்த உயரத்தில் உதடு தெரியாது. ஆனால் கை தெரியும். நடுகிற கை பாட்டின் தாளத்துக்குத்தான் இறங்கும். கை இறங்குகிற இடத்தில் தாளம் விழுந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தவறினால் ஏன் என்று சொல்லத் தெரியாமலேயே எல்லோருக்கும் உறுத்தும்.

காலர் மைக்கை எங்கே குத்துவது? குனிந்து நடுபவருக்கு நெஞ்சில் குத்தினால் முகவாய் மறைக்கும், புடவை உரசும். முதலில் அங்கேதான் வைத்தேன், "சர் சர்" என்பதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஒரு அத்தைதான் வழி சொன்னார்: "தலைல துண்டு கட்டியிருக்கேனே, இதுல சொருகு தம்பி." நெற்றிக்கு மேல் துண்டின் மடிப்பில், மைக் முனை மட்டும் வெளியே தெரிய, பின்னால் ஒரு சின்னத் துணி டேப். எவ்வளவு குனிந்தாலும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறவில்லை. டிரான்ஸ்மிட்டரை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி முதுகுப் பக்கம் இடுப்பில். வியர்வையும் சேற்றுத் தண்ணீரும் அதற்கு ஆகாது.

உடம்பும் தண்ணீரும் வயர்லெஸ் அலையை மறைக்கும். அதனால் டிரான்ஸ்மிட்டரே தன்னுள் பதிந்துகொள்ளும் மாதிரிதான் வயலுக்கு ஏற்றது. டிஜேஐ மைக் 2, ரோட் வயர்லெஸ் ப்ரோ இரண்டும் அப்படிச் செய்யும். பாட்டு எடுத்துக் கொடுப்பவருக்கு ஒன்று, பின்பாட்டுப் பாடுபவர்களில் ஒருவருக்கு ஒன்று, வரப்பில் ரெக்கார்டர் ஒன்று. மூன்றும் போதும். அவர்களுடைய அனுமதியை முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் அரை நாள் கூலியைத் தனியாகக் கொடுத்து, வேலை முடிந்த பிறகு இன்னொரு முறை பாடச் சொல்கிறோம். பெரும்பாலும் அதுதான் நல்ல பதிவாக அமைகிறது, அவசரம் இல்லாமல் பாடுவார்கள்.

ட்ரோனை ஏற்றி இறக்குவதை ரெக்கார்டரிலிருந்து 20 மீட்டராவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தோடு சேர்ப்பது

சாதாரண கேமரா ஃபுட்டேஜ் என்றால் இரண்டு ஒலியையும் ஒப்பிட்டு எடிட்டிங் மென்பொருளே சேர்த்துவிடும். ட்ரோன் ஃபைலில் ஒலியே இல்லை, ஒப்பிட ஒன்றும் இல்லை. அதனால் ஒவ்வொரு கிளிப்பின் தொடக்கத்திலும் ட்ரோன் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி ஒருவர் இரண்டு கையையும் அகல விரித்துத் தலைக்கு மேல் கொண்டு வந்து தட்ட வேண்டும். படத்தில் கை சேரும் இடத்தையும் ஒலியில் தட்டு கேட்கும் இடத்தையும் பொருத்தினால் இரண்டும் சேர்ந்துவிடும். நெஞ்சுக்கு நேரே தட்டினால் மேலிருந்து தெரியாது. என்னோடு வரும் தம்பி இதற்காகவே வெள்ளைத் துண்டைக் கையில் சுற்றிக்கொள்கிறான்.

தட்டுபவர் ரெக்கார்டரை ஒட்டி நிற்கட்டும். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகிறது. 35 மீட்டர் தள்ளி நின்று தட்டினால் பத்தில் ஒரு நொடி தாமதம். நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுக்கும் படத்தில் அது இரண்டரை ஃப்ரேம். அந்தப் பிழையோடு சேர்த்தால் கிளிப் முழுக்கத் தாளம் தள்ளியே போகும்.

டிஜேஐ ஃப்ளை செயலியில் ஒலிப்பதிவை இயக்கி வைத்தால், ஃபோனில் சேமிக்கப்படும் நகலில் ஃபோன் மைக்கின் சத்தமும் இருக்கும். மெமரி கார்டில் உள்ள ஃபைலில் வராது. தரம் கேட்க வேண்டாம், ஆனால் பைலட் ட்ராக்காக, அதாவது எடிட்டில் ஒப்பிட்டுப் பார்க்கும் வழிகாட்டி ஒலியாக, அருமையாக உதவும். "மடைப் பக்கம் திரும்புறேன்" என்று பறக்கும்போதே ஃபோனிடம் சொல்லிக்கொண்டே போகிறேன்.

எடிட்டில் எனக்குப் பிடித்த முறை ஒன்று. உயரத்தில் இருக்கும்போது வரப்பு ரெக்கார்டரின் பரந்த சத்தம் மட்டும், அதிலும் கீச்சென்ற ஒலிகளின் அளவைக் கொஞ்சம் குறைத்து. ட்ரோன் கீழே இறங்க இறங்க மடைச் சத்தத்தை உள்ளே விடுங்கள். பிறகு, தரையில் எடுத்த ஷாட்டுக்கு வெட்டுவதற்கு இரண்டு நொடி முன்பே காலர் மைக்கின் குரல் வந்துவிட வேண்டும். பார்ப்பவர் அந்தக் குரலைத் தேடிக்கொண்டே கீழே இறங்குவார். பின்னணி இசையை அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் மட்டும். பல இடத்தில் தேவைப்படுவதில்லை.

வீடு வந்ததும் ஒலி ஃபைல்களை அன்றைக்கே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், படத்துக்குச் செய்வது போலவே. பாடியவர்களுக்கு ஒரு பிரதி பென் டிரைவில் கொடுத்துவிடுங்கள். போன வருடப் பதிவை அந்த முழங்கால் வலிப் பாட்டியின் வீட்டில் போட்டுக் காட்டினேன். மூன்றாவது அடியில் நிறுத்தச் சொல்லி, "அது அப்படி இல்ல" என்று தானே பாடிக் காட்டினார். ரெக்கார்டர் பையில்தான் இருந்தது. எடுத்து, திண்ணையில் ஒரு தலையணை மேல் வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து பாடச் சொன்னேன்.